துளசிங்கம் விட்டுக்கொடுத்த முறை

இன்னொருவன் ஏங்கிக் கிடக்கும் ஒன்றை வேண்டாமென்று ஒதுக்குகிறவன் ஆசையை வென்றவனா, ஏங்குகிறவனைச் சிறுமைப்படுத்துகிறவனா? கோட்டைக்குப்பம் துளசிங்கத்தை நினைத்தால் இந்தக் கேள்விதான் வருகிறது.

மீசை முளைத்ததிலிருந்து தலை நரைக்கும்வரை அவன் ஒரே கால்பந்து அணிக்குத் தடுப்பாட்டக்காரன். சுண்ணாம்புக்குளம் வரை அவன் பெயர் தெரியும். ஆட்டத்தில் அழகு கிடையாது, ஓட்டமும் சுமார்தான். பந்து எங்கே வருமோ அங்கே முன்பே நிற்பான், அவ்வளவுதான். மைதானம் ஒல்லாந்தர் கல்லறையை ஒட்டியது. மற்றவர்கள் பதறிப்போய்ப் பந்தைச் சுவருக்கு அப்பால் உதைப்பார்கள். கல்லறைக் கேட்டின் சாவி வரும்வரை ஆட்டம் நிற்கும். துளசிங்கம் உதைத்த பந்து அந்தச் சுவரைத் தாண்டியதில்லை.

அதே அணியில் கோல் போட்டவன் ராஜவேலு. ஊர் கத்தியதோ துளசிங்கத்தின் பெயரை. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி அணிக்கு ஆள் எடுக்க வந்தார்கள். ராஜவேலு புதுச் சட்டையில் நின்றான். வந்தவர் துளசிங்கத்தைக் கூப்பிட்டார். வேலையும் உண்டு என்றார்.

"இல்லீங்க, நான் இங்கயே ஆடிக்கிறேன்."

"என்னைக் கூப்டிருந்தா நடந்தே போயிருப்பேன்," என்று ராஜவேலு வீட்டில் புலம்பினான்.

"உன்னைத்தான் யாரும் கூப்புடலியே," என்றாள் மனைவி தேவகி.

அந்த ஆண்டே அவன் தோணிரேவு அணிக்கு ஆடப் போனான். குடியிருப்பு மட்டும் கோட்டைக்குப்பத்தில். துளசிங்கத்தைத் தாண்டி ஒரு கோல். வேறெதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பொங்கல் போட்டியிலும் முயன்றான், முடியவில்லை. விழுந்தவனைத் துளசிங்கம் கை கொடுத்துத் தூக்கிவிடுவான். ராஜவேலுவை அதிகம் எரித்தது அந்தக் கைதான்.

துளசிங்கத்தின் கடைசி ஆட்டம் வந்தது. ராஜவேலுவுக்கும் அதுவே கடைசி வாய்ப்பு. அன்றே துளசிங்கத்துக்குப் பாடும் விழுந்தது. ஏரியில் இறால் பாயும் இடங்களில் வலை கட்டும் உரிமையை ஊரார் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பங்கிடுவதுதான் பாடு. முறை வந்த நாளில் போகாவிட்டால் அது போனதுதான். ஊருக்குள் வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். தை பிறந்தும் அந்த வருஷம் இறால் குறையவில்லை. தம்பி பூபதிக்குத்தான் கொடுப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

காலையில் துளசிங்கம் ராஜவேலு வாசலில் வந்து நின்றான்.

"என் முறை. நீ போய் வலை கட்டு. மத்தியானமே தோணி எடுத்தாத்தான் தண்ணி எறங்குற வத்தத்துக்குச் சேருவ."

"இன்னாடா, பயந்துட்டியா?"

"வேணாம்னா சொல்லு."

மழையில் ஒரு பக்கம் இறங்கிப்போன கூரைக்கு அடியிலிருந்து தேவகி எட்டிப் பார்த்தாள். "போவாருண்ணே."

ராஜவேலு தோணியில் கழி ஊன்றும்போது மைதானத்து விசில் தண்ணீர்மேல் கேட்டது. வலை கனத்து வந்தது. தோணிரேவு கோல் போடவில்லை.

"கொடுத்தானா? அதுவும் என்னைத் தடுத்ததுதான்," என்று அந்த இறால் காசில் போட்ட புதுக் கூரையின் கீழ் உட்கார்ந்து ராஜவேலு சாகும்வரை சொன்னான். கூரை போட்டுக் கொடுத்தவனை அப்படிப் பேசலாமா என்று தேவகி சண்டை பிடிப்பாள்.

சொந்தத் தம்பி வீட்டிலேயே இருக்க, துளசிங்கம் தன் முறையை ராஜவேலுவுக்குத்தான் கொடுத்தான். ஏன் என்று பூபதி கேட்டபோது, "நம்ம கூரை நல்லாத்தான இருக்கு," என்று சொல்லிவிட்டு வலையை உதறிக் காயப்போட்டான்.