தர்ஷினியின் அப்பாவும் அந்த வகுப்புக்கு வந்திருந்தார்

வேகமாக ஓட்டி போலீஸ் சமன், அதாவது அபராதம், வாங்கியவர்களுக்கான பாதுகாப்பு வகுப்புக்கு இன்று காலை போனேன். காஜா பெராங் வட்டாரத்தில் பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். யார் கண்ணிலும் படக்கூடாதென்று கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் தர்ஷினியின் அப்பா. தர்ஷினி தினமும் என் வேனில்தான் பள்ளிக்குப் போகிறாள்.

என்னைப் பார்த்ததும் மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளைங்க வண்டியில இருந்தப்பவா மாட்டுனீங்கக்கா?"

"இல்ல தம்பி. எல்லாரையும் இறக்கி விட்டுட்டு, உஜோங் பாசிர் பக்கத்துலேர்ந்து திரும்பி வர்றப்போ."

தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"நீங்க எப்படி மாட்டுனீங்க?" என்றேன்.

"தர்ஷினிய டியூஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்பக்கா. லேட்டாயிடுச்சு."

அதற்குப் பிறகு திரையில் நொறுங்கிய கார்களாகக் காட்டினார்கள். எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரிடமிருந்து வாட்ஸ்அப்.

"அக்கா, நாளையிலேர்ந்து தர்ஷினிய நானே பள்ளிக்கு விட்டுர்றேன். தப்பா எடுத்துக்காதீங்க."

மற்ற பெற்றோருக்கும் சொல்லிவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, பிள்ளையை வைத்துக்கொண்டே வேகமாக ஓட்டி மாட்டியவரின் காரில் இனி தினமும் போகப்போகிற தர்ஷினியை நினைத்தால்தான் அதிகப் பயம்.

'சரி தம்பி' என்று டைப் செய்வதும் அழிப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன். நீங்களாக இருந்தால் அவருக்கு என்ன பதில் போடுவீர்கள்?