வரிசைக்கு வண்டியா, வண்டிக்கு வரிசையா

சூளகிரிப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் ரோஜாத் தோட்டம் இருக்கிறது. பத்திரம் என் வீட்டுக்காரர் பேரில். பதினோரு வருடமாக அதில் குனிந்து முதுகு ஒடிந்தவள் நான். அவர் ஓசூரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலையில் இருக்கிறார். தலைமுடி அகலம் கூடினாலும் பொருளைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார். அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு.

போன வருடம் களை எடுக்க ஆளே கிடைக்கவில்லை. ஊர் முக்குக்கே கம்பெனி பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும்போது, வெயிலில் உட்கார்ந்து கோரை பிடுங்க யார் வருவார்கள்? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பூப்பறிக்க மட்டும் இரண்டு பேர் விடிகாலையில் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடியே அவர் சொன்னார்.

"இன்னும் ஒரு வருசம் பாப்போம். களைய சமாளிச்சா தோட்டம். இல்லன்னா பிளாட் போடறவனுக்கு உட்டுடலாம்."

எங்களுக்கு இரண்டு பக்கமும் உள்ள விளைநிலங்கள் அதற்குள் பிளாட் ஆகி, கல் நட்டுக் கிடந்தன. வரிசைக்கு நடுவில் ஓடுகிற சின்ன டிராக்டர் ஒன்று வாங்கலாம் என்று அப்போது சொன்னவள் நான்தான். அதற்கு முன்னால் அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்படி ஒரு வண்டி ஓடுவதைப் பார்த்திருந்தேன். என் இடுப்பு உயரம்தான் இருக்கும். அரை மணி நேரம் அதன் பின்னாலேயே நடந்தேன். வண்டிக்காரர் நிறுத்திவிட்டு, "மொதலு சாலு நோடம்மா, ஆமேலெ காடி நோடு" என்றார். முதலில் உன் வரிசையைப் பார், பிறகு வண்டியைப் பார். இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள ஐடிஐ படித்திருக்க வேண்டியதில்லை.

செடிகள் நன்றாக விரிந்து பூத்திருந்த சமயத்தில், இரண்டு வரிசைக்கு நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்த்து, சொட்டுநீர்க் குழாயில் அந்த நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டேன். மூன்றேகால் அடி. அதற்குள் அடங்குகிற வண்டிதான் எனக்கு வேண்டும்.

அவர் லீவு கிடைத்து அளக்க வந்தது கவாத்து முடிந்த வாரம். கவாத்து என்றால் கிளையை எல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது. தோட்டம் அப்போது மொட்டையடித்த தலைதான். ஸ்டீல் டேப்பை எடுத்துத் தண்டுக்குத் தண்டு அளந்து, ஆறு அடி என்று நோட்டில் எழுதினார்.

"இப்ப அளக்காதீங்க. மூணு மாசம் போனா கொப்பு விரியும். களை வர்றதும் அப்பத்தான்" என்றேன்.

"அளவு அளவுதான். நேத்து ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு மாறாது" என்றார்.

இரும்பு மாறாது சாமி, செடி மாறும். சொன்னேன். காதில் வாங்கினால்தானே.

ஷோரூமுக்கு இருவரும் போனோம். விற்கிற ஆள் அவருக்கு நாற்காலி போட்டு, எத்தனை எச்.பி., எவ்வளவு எடை தூக்கும், டிரெய்லர் இழுக்குமா என்று வரிசையாக ஒப்பித்தான். எனக்கு டீ வந்தது. நான் டீயை வைத்துவிட்டு, கடைசியில் நின்ற ஒடுக்கமான வண்டியின் இரண்டு பின் டயருக்கும் குறுக்கே என் குழாய்த் துண்டை வைத்துப் பார்த்தேன். வண்டி சரியாக அடங்கியது.

"அது கொஞ்சம் சின்னது மேடம். சார் லெவலுக்கு இதுதான் சரியா இருக்கும்" என்று அவன் பெரிய வண்டியைத் தட்டினான். களை எடுக்கப் போவது சார் இல்லை, மேடம்தான் என்று நான் சொன்னதற்கு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிக்கும்படி என்ன சொல்லிவிட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அந்த வண்டி பொம்ம மாதிரி இருக்குது. கம்பெனி பஸ்ல போறவன் பாத்தா சிரிப்பான். குழாய தூக்கிக்கிட்டு வந்து மானத்த வாங்காத."

பெரிய வண்டி வந்தது. அதற்குப் பின்னால், மண்ணைக் கிளறிக் களையைப் புரட்டுகிற நாலரை அடி ரோட்டவேட்டர். மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டினார்கள். மொட்டையாய் நின்ற செடிகளுக்கு நடுவில் அது ராஜா மாதிரி போனது. பார்த்தாயா என்று என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கோடை மழை பெய்து கொப்புகள் விரிந்தன. களையும் சேர்ந்து எழும்பியது. களைக்கு வண்டியை உள்ளே விட்ட முதல் நாளே இரண்டு பக்கமும் மொட்டோடு இருந்த கொப்புகள் சடசடவென்று முறிந்து விழுந்தன. பத்து அடி போவதற்குள் நான் குறுக்கே போய் நின்றேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "செடியத்தான் கொஞ்சம் அடக்கி வெட்டணும்" என்றார். செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதை. ஒடுக்கமான வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டேன், கெஞ்சியும் பார்த்தேன். தான் எடுத்த அளவு தப்பு என்று ஷோரூமில் போய் அவர் எப்படிச் சொல்வார்? உயிர் போனாலும் சொல்ல மாட்டார். அன்றிலிருந்து மண்வெட்டியோடு நானே இறங்கினேன். ஒரு வரிசையை முடித்து அடுத்ததற்குப் போவதற்குள் முந்தின வரிசையில் களை முளைத்தது.

மத்திகிரியில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. இரண்டு நாள் போயிருந்தேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தோட்டம் வேறு மாதிரி தெரிந்தது. பொக்லைன் வைத்து ஒன்றுவிட்டு ஒரு வரிசையைப் பிடுங்கியிருந்தார். இருபது வரிசையில் பத்து. வேரோடு வரப்பில் குவிந்து கிடந்த செடிகளில் பூ இருந்தது. இன்னும் வாடக்கூட இல்லை.

அவர் வண்டிக்குப் பக்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். சந்தோஷமாக இருந்தார்.

"இப்ப எப்படிப் போவுது பாரு. ஒரு கொப்பு கூடத் தட்டாது" என்றார்.

நான் அழவில்லை. வண்டியில் ஏறிச் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"குடு, வண்டிய ஓரமா உடணும்."

"பிடுங்குன செடிய நட்டுட்டு வாங்கிக்கங்க."

"கோவத்துல பேசாத."

"கோவத்துலதான் பேசறேன். பதினோரு வருசத்துல இன்னிக்குத்தான் பேசறேன்."

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் விடிகாலையில் பூப்பறிக்கிற இரண்டு பேரும் கூடையோடு வந்து வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். செடி போன இடமெல்லாம் பிளாட்டுக்கு நடுவில் விடுகிற ரோடு போலவே வெறிச்சென்று இருந்தது. அவர்களில் மூத்தவளைக் கம்பெனி கேன்டீனில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தோட்டம் இருக்கிறதே என்று அவள்தான் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் பஸ்ஸுக்குக் கிளம்பி, டிபன் பையோடு வந்துகொண்டிருந்தார். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, கல்லு எப்ப நடறீங்க? சொன்னீங்கன்னா நான் கேன்டீன்ல சேந்துக்குவேன்."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார்.

"என்னைக் கேளு" என்றேன். "கல்லு கெடையாது. ஆடி மழைக்குச் செடி நடறோம். குழி அவர் வெட்டுவாரு. நீ கூடைய எடு."