எடை பார்க்காத விரால்

செஞ்சி கடைவீதியில் போர்டு எழுதுகிறவன் நான். பெயர் கோவிந்தராஜ். துணிக்கடை, சைக்கிள் கடை, மல்லாட்டை மண்டி என்று எந்தப் போர்டைப் பார்த்தாலும் அதில் என் கை இருக்கும். ஒரு பலகை மட்டும் ஊருக்கு வெளியே இருந்தது. தளவானூர்ப் பக்கம் போகிற மண்சாலையில் ஏழெட்டு மைல் தள்ளி சாத்தனேரி. அதன் கரையில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன ஒரு பங்களா. பஸ் கிடையாது, கரண்ட் கிடையாது. அந்த பங்களா வராந்தாவில் ஆள் உயரத் தேக்குப் பலகை ஒன்று மாட்டியிருக்கும். அந்த வருஷம் ஏரியில் பிடிபட்டதிலேயே பெரிய விரால் எத்தனை ராத்தல், பிடித்தவர் யார் என்று வருஷத்துக்கு ஒரு வரி அதில் ஏறும். பங்குனிக் கடைசியில் எனக்கு ஆள் வரும். பெயிண்ட் டப்பாவை சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன்.

பொங்கல் கழிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கினால் விரால் காலம். மெட்ராஸிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் பெரிய மனிதர்கள் ஜீப்பில் வருவார்கள். டாக்டர், எஞ்சினீயர், எஸ்டேட் முதலாளி. சீமைத் தூண்டில், சக்கரத்தில் சுற்றிய தூண்டில் நரம்பு, தலையில் தொப்பி. சாமான் எல்லாம் இருக்கும், மீன் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது. அது தெரிந்தவன் பங்களா வாட்ச்மேன் இருதயநாதன்.

வல்லத்துப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நாற்பத்தைந்து வயது, நல்ல உயரம், ஒடிசலான உடம்பு. பேச்சு ரொம்பக் கம்மி. தாமரை இலை அசைவதைப் பார்த்தே கீழே கிடப்பது கெளுத்தியா விராலா என்று சொல்லிவிடுவான். தவளையைத் தூண்டில் முள்ளில் கோத்து இலைக்கு இலை தத்த விடுவான். விரால் 'பளக்' என்று கவ்வும். உடனே இழுத்தால் தவளைதான் திரும்பி வரும். கவ்வினதை அது உள்ளே தள்ளுகிற வரைக்கும் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு இருதயநாதன் ஒரு கணக்கு வைத்திருந்தான். மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை ஒரு முறை சொல்லி முடிப்பான். முடிந்ததும் சுண்டுவான். மீன் மாட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு தூண்டிலை எடுத்துப் பக்கத்தில் நிற்கிற ஐயா கையில் கொடுத்துவிடுவான். ஐயா இழுத்துக் கரையேற்றுவார், போட்டோ பிடிப்பார்கள். பலகையில் ஐயா பெயரை நான் எழுதுவேன். கரையேற்றும்போது தூண்டில் யார் கையில் இருக்கிறதோ அவர் பெயர்தான் ஏறும். அதுதான் பங்களா வழக்கம்.

இருபது வருஷம் இப்படி நடந்தது. இருபது வரியில் குறைந்தது பதினைந்து அவன் பிடித்த மீன். நான் எழுதும்போது வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டு பார்ப்பான். ஒரு தடவை, "நம்ம பேரெல்லாம் இதுல வராது இல்ல?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் சிரித்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனேன்.

அவனுக்கு ஆசை இருந்தது. ஒரே ஒரு மீன்மேல். மதகுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஒரு விரால் குடியிருந்தது. அதற்கு அவன் வைத்த பெயர் துரை. இரண்டு தடவை அவன் தூண்டிலில் மாட்டி, இரண்டு தடவையும் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. மேலுதட்டில் வெள்ளையாக ஒரு தழும்பு. ஆறு வீசைக்கு, அதாவது பதினெட்டு ராத்தலுக்குக் குறையாது என்பான். அதை எந்த ஐயாவுக்கும் காட்டியதில்லை. ஐயாமார் இல்லாத ஒரு நாளில் துரையைத் தானே கரையேற்றி, பலகையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும். அவன் அதை என்னிடம் வாய் விட்டுச் சொன்னதில்லை. ஆனால் செஞ்சிக் கடைவீதி முழுக்க அது தெரியும்.

அறுபத்தைந்தில் ஒரு கூத்து நடந்தது. மேல்சித்தாமூர் அப்பாண்டை நயினார் ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தார். நயினார் ஜைனர். வெங்காயமே வீட்டுக்குள் நுழையாது. பஞ்சாயத்து ஏலத்தில் அவர் விலை கேட்டதும் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. விஷயம் என்னவென்றால், அவர் மகள் டைபாய்டில் கிடந்து பிழைத்திருந்தாள். ஒரு ஏரியில் ஒரு வருஷம் ஓர் உயிரும் போகாமல் பார்த்துக்கொள்வதாக அவர் வேண்டிக்கொண்டிருக்கிறார். மீனைப் பிடிக்காமல் இருப்பதற்காகக் குத்தகை எடுத்த மனிதரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

காவலுக்கு அவர் தேடிப் போனது இருதயநாதனை.

"மீன் இருக்கிற எடம் தெரிஞ்சவன்தான் காவலுக்கு லாயக்கு. நீ மீன் புடிக்காம இருப்பியா?" என்று கேட்டார்.

ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம் ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "சூசையப்பர் மேல சத்தியம். உங்க குத்தகை முடியற வரிக்கும் தூண்டில கையால தொட மாட்டேன். முள்ள தொட மாட்டேன், நரம்ப தொட மாட்டேன்" என்று அடுக்கிவிட்டான். இத்தனையும் கேட்டது யார்? மீன் பிடிக்கக் கூடாது என்று மட்டும்தான் அவர் கேட்டார்.

அந்த ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி பாதிகூட நிறையவில்லை. தை மாதம் ஜீப்பில் வந்த ஐயாமாரை இருதயநாதன் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினான். மாசியில் தவக்காலம் பிறந்தது. வெள்ளிக்கிழமை கறி கூடாது, மீன் உண்டு. பங்களாவுக்குப் பின்னால் இருந்த அவன் தெருவுக்கு வருஷா வருஷம் மீன் கொடுத்தவனே அவன்தான். அந்த வருஷம் தெரு முழுக்கக் கத்தரிக்காய். அவன் மனைவி அருளம்மாள் குழாயடிக்குப் போனால், "ஜைனரா மாறிட்டீங்களாமே?" என்று கேலி. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஆமாம், அடுத்த வெள்ளிக்கெழம உன்னையும் சேத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்து புருஷனைத் திட்டுவாள்.

பங்குனி பிறந்தபோது ஏரியில் மிஞ்சியது மதகுப் பள்ளம் மட்டும்தான். நயினார் ஆள் வைத்து வலை போட்டு, பானை பானையாக மீனை மாட்டு வண்டியில் ஏற்றித் தன் தோட்டக் கிணற்றில் விட்டார். ஊர்க்காரர்கள் கரையில் உட்கார்ந்து எச்சில் விழுங்கினார்கள். மூன்று நாளில் எல்லாம் ஏறிவிட்டன, துரை மட்டும் ஏறவில்லை. பள்ளத்தின் அடியில் கல்லும் பனங்கட்டையும். வலை போட்டால் வலை கிழியும். மூச்சு விட மேலே வரும், வாயைக் காட்டும், போய்விடும். தண்ணீர் தொடை அளவுதான் இருந்தது. இன்னும் நாலு நாள் போனால் அது சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். புதைந்துவிட்டால் ஊர்க்காரர்கள் விட மாட்டார்கள், இருட்டோடு வந்து கம்பியால் குத்தித் தேடி எடுத்துவிடுவார்கள். இருதயநாதன் மூன்று நாளாகச் சோறு இறங்காமல் கரையிலேயே கிடந்தான்.

தூண்டில் போட்டால்தான் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நயினார் ஒரு நாள் முழுக்க யோசித்தார்.

"முள்ளு குத்தும், நோவும். உசுரு போறதுக்கு உதடு கிழியறது மேல். அந்தப் பாவத்துக்கு நான் பட்டினி கெடக்கறேன். நீ தூண்டில் போடு இருதயநாதா, உன் சத்தியத்த நான் விட்டுட்டேன்."

"நீங்க விடலாங்க நயினாரே. சத்தியம் உங்க மேல போடலியே, சூசையப்பர் மேல இல்ல போட்டேன்."

சத்தியம் என்றால் என்னவென்று தெரிந்தவர் நயினார். கட்டாயப்படுத்தவில்லை. வேறு ஆளைக் கூப்பிடவும் பயம். தூண்டில் பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் வீட்டில் மசாலா அரைக்கச் சொல்லிவிட்டு வருகிறவர்கள்.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். பலகையில் அந்த வருஷத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்கப் போயிருந்தேன். மீன் சாப்பிடாதவன் என்பதால் தூண்டில் போட நயினார் என்னைப் பிடித்துக்கொண்டார். இருதயநாதன் சொல்லச் சொல்ல, முள் நுனியில் திரும்பி நிற்கிற கொக்கியை நான் அரத்தால் ராவி எடுத்தேன். கழற்றும்போது சதை கிழியக் கூடாது என்பதற்காக. உயிர்த் தவளை கூடாது என்று நயினார் சொல்லிவிட்டார். அருளம்மாள் பழைய பச்சை ரவிக்கையைக் கிழித்துப் பஞ்சு அடைத்து ஒரு தவளை தைத்துக் கொடுத்தாள். அதைக் கருவாட்டுத் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள். நயினாருக்கு அதைச் சொல்லவில்லை.

முதல் வீச்சில் முள் என் சட்டையில் மாட்டியது. இரண்டாவது வீச்சில் துரை கவ்வியது, நான் பதறிப் போய் உடனே இழுத்தேன், தவளை மட்டும் என் மூஞ்சியில் வந்து அடித்தது. மூன்றாவதும் அப்படியே. கருவாட்டு நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

"பொறுடா கோவிந்தராசு, பொறுடா!" என்று இருதயநாதன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையில் குதித்தான். "ஒரு பிரியதத்தம் சொல்ற நேரம்டா!"

"எனக்கு அது தெரியாதே!" என்றேன். பின்னே? கோவிந்தா போடத்தான் எனக்குத் தெரியும்.

அருளம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "குடுய்யா அத. ரெண்டு ஆம்பளயும் நின்னுக்கினு இன்னா கூத்து இது" என்று என் கையிலிருந்து தூண்டிலைப் பிடுங்கினாள். அவள் அதுவரை தூண்டில் பிடித்ததே இல்லை. மீனை அறுத்ததோடு சரி.

அவர்கள் வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை சொல்வார்கள். பிரியதத்தத்தின் முதல் பாதியை அவன் சொல்வான், பின் பாதியை அவள் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"துணித் தவள, ரொம்ப நேரம் வெச்சிருக்காது. நான் முதல் பாதி சொல்றேன். முடிச்சதும் நீ ஆரம்பி. ஆரம்பிக்கச்சே இழு" என்றான்.

அவள் வீசினாள். தவளை கோணல் மாணலாகப் போய் விழுந்தது. பனங்கட்டைக்குப் பக்கத்தில் தண்ணீர் வாய் திறந்து மூடியது. இருதயநாதன் கண்ணை மூடிக்கொண்டு மந்திரத்தைச் சொன்னான். அவசரமே இல்லை, வீட்டில் சொல்கிற மாதிரியேதான். அவன் நிறுத்திய இடத்தில் அவள் குரல் எழுந்தது, கையும் எழுந்தது. மூங்கில் வில்லாக வளைந்தது. அருளம்மாள் முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டாள். வாய் மட்டும் நிற்கவில்லை, மந்திரத்தை முடித்துவிட்டுத் தொடர்ந்து திட்ட ஆரம்பித்தாள். மீனையா புருஷனையா என்று எனக்குத் தெரியாது. கால் மணி நேரம் இருக்கும். துரை கரை ஓரம் வந்து பக்கவாட்டில் சாய்ந்தது. இருதயநாதன் உள்ளே பாய்ந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டான். நரம்பு மேலே படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முள்ளை யார் எடுப்பது? அவன் தொட மாட்டான். நான் நகர்வதற்குள் நயினார் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். ஆயுசில் மீனைத் தொடாத மனிதர். விரலை அதன் வாய்க்குள் விட்டு, முள்ளை மெதுவாக உருவினார். மேலுதட்டில் அந்த வெள்ளைத் தழும்பு இருந்தது. இருதயநாதன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

நயினார் வீட்டுக் கல்யாண அண்டாவில் தண்ணீர் நிரப்பி, துரையை அதில் விட்டு, ஈரச் சாக்கு போட்டு மூடி வண்டியில் ஏற்றினோம். எடை பார்க்கலாமா என்று நான் ஆசையாகக் கேட்டேன். உயிரோடு இருக்கிறதைத் தராசில் தொங்க விடுவதா என்று நயினார் என்னை ஒரு பார்வை பார்த்தார். கிணற்றில் விட்டதும் அது ஒரே முங்கலில் அடிக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் பெயிண்ட் டப்பாவோடு பங்களாவுக்குப் போனேன். நானாகத்தான் போனேன், யாரும் கூப்பிடவில்லை. அந்த வருஷம் ஐயாமார் யாரும் மீன் பிடிக்கவில்லை, பலகை காலி. இருபது வருஷமாக அவன் பார்த்து நின்ற இடத்தில் அவன் பெயரை எழுதிவிடுவது என்று வழியெல்லாம் தீர்மானம் பண்ணிக்கொண்டு போனேன். வருஷத்தைப் போட்டேன். விரால் என்று எழுதினேன். எடை பார்க்கவில்லை என்று எழுதினேன். இருதயநாதன் தூணில் சாய்ந்திருந்தான்.

'இ' போடப் பிரஷ்ஷை வைத்தபோது, "யார் பேர எழுதற?" என்றான்.

"உன் பேரைத்தான். வேற யாரு பேரை?"

"தூண்டில் அவ கையில இருந்துச்சு. அருளம்மாள்னு எழுது."

"இன்னாப்பா நீ, சொல்லிக் குடுத்தது நீ. பாய்ஞ்சு கட்டிப் புடிச்சது நீ. அவ சும்மா..."

"நானும் இருவது வருஷமா பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தவன்தான். மாட்டிக் குடுத்தவன்தான். அப்ப எம் பேர எழுதினியா நீ?"

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவனுக்கு வருத்தம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அந்த வழக்கத்தில் அவன் இருபது வருஷம் ஏமாந்திருந்தான், இன்னொருத்தரை ஏமாற்ற அவனுக்கு மனசு வரவில்லை.

அருளம்மாள் என்று எழுதினேன். ஐயாமார் பெயரெல்லாம் என்ன உயரமோ அதே உயரம்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மாவுக் கையோடு வந்து நின்றவள், "இதுல எது நானு?" என்று கேட்டாள். அவன் விரல் வைத்துக் காட்டப் போனான். "டேய், பெயிண்ட் காயல!" என்று நான் கத்துவதற்குள் வைத்துவிட்டான். கடைசி எழுத்தின் புள்ளிமேல் அவன் விரல் பட்டு, வெள்ளையாக ஒரு கறை இழுத்துக்கொண்டது.

துடைத்துவிட்டுத் திருத்தி எழுத எனக்கு இரண்டு நிமிஷம் போதும். துணியை எடுத்தேன். அப்புறம் பையிலேயே வைத்துவிட்டேன்.