ஒரே மேசைக்கு மூன்று பெயர்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் பிரஜாவுரிமைப் பதிவு எங்கள் காஜா பெராங் சங்க மண்டபத்தில் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும், தமிழ் அறிவிப்புப் பலகைகள் எழுதும் வேலையைச் சங்கத்துக்காரர்களான எங்களிடம் விட்டார்கள். வீட்டிலேயே மலாய் பேசும் கம்போங் செட்டிக்காரர்களுக்கு மலாய்ப் பலகையே போதும். தமிழ் மட்டும் படிக்கிறவர்களுக்குத்தான் எங்களுடையது.

வாசகங்களை முதலில் கரும்பலகைகளில் எழுதி மண்டப வாசலில் வைப்போம். பக்கத்தில் சாக்குக்கட்டி கிடக்கும். போகிற வருகிற யாரும் அழித்துத் திருத்தலாம். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஒழுங்குபடுத்துவது என் பொறுப்பு. வாயாடி என்று எனக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. அதனால்தான் கொடுத்தார்களோ என்னவோ.

பதிவுக்கு முந்தின நாள் பார்த்தால் தலை சுற்றியது. பெயர் கொடுக்க 'மேசை', சத்தியம் செய்ய 'கவுண்டர்', கையெழுத்துப் போட 'முகப்பு'. மூன்றும் குமாஸ்தா உட்காரப்போகும் அதே இடம்! கடைசி இரண்டும் எங்களோடு வேலை செய்த வாத்தியாரின் கைவரிசை.

"ஒரே மேசைக்கு எத்தனை பேரு சார் வைப்பீங்க? பேர் சூட்டு விழாவா நடத்துறோம்?" என்றேன்.

"திரும்பத் திரும்ப ஒரே சொல்ல எழுதினா நல்லாவா இருக்கு? படிக்கிறவங்களுக்குப் புரியும்மா."

"அப்ப படிக்கிறவர் ஒருத்தரயே கூப்பிட்டுப் பாத்துடுவோம்."

மண்டபத்துக்குப் பின்னால் குடியிருந்த டோபி அண்ணனைக் கூட்டி வந்தேன். தமிழ்ப் பத்திரிகையைத் தினமும் சத்தம் போட்டுப் படிப்பார். சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். மனைவி, பிள்ளைகள் எல்லாரும் இங்கே பிறந்தவர்கள். "வீட்டுல நான் ஒருத்தன்தாம்மா வெளியாளு," என்று சொல்லிச் சொல்லி, இந்தப் பதிவுக்காகவே காத்திருந்தார்.

"யாரயும் கேக்கக் கூடாதுண்ணே. பலகையப் பாத்தே போங்க."

கரும்பலகைகளை உள்ளே அதனதன் இடத்தில் வைத்ததும் வாத்தியார் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். அண்ணன் மேசையில் பெயர் கொடுத்தார். அடுத்து, கவுண்டரைத் தேடி மண்டபத்தைச் சுற்றினார். கடைசியில் 'வெளியே செல்லும் வழி' கண்ணில் பட, அந்தக் கதவு வழியாகப் போயே போய்விட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் வீட்டில் சாவகாசமாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அதான் முடிஞ்சிருச்சேம்மா!"

"எங்க முடிஞ்சிச்சு? சத்தியமே செய்யலையேண்ணே! நாளைக்கும் இப்படி வந்துட்டா ஒண்ணும் கெடைக்காது!"

அவர் முகம் செத்துப்போயிற்று. "அப்ப நான் மட்டும் வெளிய நின்னுருப்பேனாம்மா?"

மண்டபத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். வாத்தியார் எழுந்துபோய்க் கவுண்டரையும் முகப்பையும் அழித்தார். எல்லாப் பலகையிலும் மேசை ஆயிற்று. பின்னாலேயே வந்து நின்ற அண்ணனிடம் சாக்குக்கட்டியை நீட்டினேன். "வேற என்ன புரியலன்னு நீங்களே எழுதுங்கண்ணே."

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஐயையோ, நான் யாரும்மா இதுல கை வைக்க? ஊர்க்காரங்க பாத்துக்கட்டும்."

பெயிண்டில் எழுத நேரமில்லை, கரும்பலகைகளையே மாட்டினோம். மறுநாள் அண்ணன் மொடமொடப்பான வெள்ளைச் சட்டையில் வந்தார். மேசையை விட்டு நகரவே இல்லை. அவர் சத்தியம் செய்த குரல் வாசல் வரை கேட்டது. கையெழுத்தும் போட்டுவிட்டு வெளிக்கதவு வரை போனவர், நின்றார். நேரே திரும்பி வந்து, என்னைக் கேட்காமலே சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு போனார். 'வெளியே செல்லும் வழி'க்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினார்: சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

கையை அந்த வெள்ளைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குப் போறேம்மா," என்றார்.