செவ்வாய்க்கிழமை ஸ்டிக்கர்

கொரியாவிலிருந்து மாமா போனில் சொன்னது இவ்வளவுதான்: “அடுத்த ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு ரேஸ். ரெடியா இரு.” அதை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் வகுப்பில் எதையும் காதில் வாங்கவில்லை. அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. பயிற்சிக்காக ஆறு மாதம் கொரியாவுக்கு அனுப்பினார்கள். போகும்போது தன்னுடைய கேம் பெட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அதுவும் அண்ணனிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெருமையை அண்ணனிடம் தினமும் ஒரு முறையாவது காட்டினேன். அதற்குமுன் ஞாயிறு தோறும் மாமாவும் நானும் பாயில் உட்கார்ந்து கார் ரேஸ் விடுவோம். அவர் வேண்டுமென்றே தோற்றார் என்பது எனக்குத் தெரியாது. இப்போது அங்கேயும் ஒரு பெட்டி வாங்கிவிட்டாராம். நெட் இருந்தால் அவர் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஓட்டலாம். அவர் என்னை மறந்துவிடுவார் என்று நான் பயந்துகொண்டிருந்த சமயம் அது. அதனால் அந்த ஞாயிறு எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், நெட் மோடம் முன் அறையில். டிவியும் பெட்டியும் பின் அறையில். பெட்டி பழைய மாடல், வைஃபை பிடிக்காது. கேபிள் சொருக ஒரு ஓட்டை மட்டும் இருந்தது, எங்களிடம் இருந்த கேபிளோ முன் அறை வரை எட்டாது. அண்ணன் அப்போதுதான் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தான், ஆகவே உலகத்தில் அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. “லேப்டாப் வைஃபையைப் பிடிக்கும். லேப்டாப்ல இருந்து பெட்டிக்குக் கேபிள். ரெண்டையும் உள்ள சேத்து வுட்டா போதும். இதுக்குப் பேரு ப்ரிட்ஜ். அஞ்சு நிமிஷ வேலை” என்றான்.

அந்த ஐந்து நிமிஷம் ஞாயிறு காலையில் தொடங்கி இரவுச் சாப்பாடு வரை நீண்டது. கேபிளைச் சொருகிய பிறகும் கேபிளே இல்லை என்று டிவியில் சாதித்தது பெட்டி. அண்ணன் லேப்டாப்பில் எண்களை மாற்றினான், ப்ரிட்ஜை அழித்தான், மறுபடி போட்டான். ஒரு கட்டத்தில் வீட்டுக்கே நெட் போய்விட்டது. கடைசியில், “இது டப்பா. தூக்கிப் போடு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் இந்த வேலையை அத்தை எடுத்துக்கொண்டாள். அத்தை அப்பாவின் தங்கை, கல்யாணம் ஆகாதவள், எங்களோடுதான் இருந்தாள். போன் கம்பெனியில் ஆறு வருடமாக டெஸ்டிங் லைனில் வேலை பார்த்தவள். அந்த மாதம் முழுக்க வீட்டில் இருந்தாள். மூடிவிட்டார்கள் என்ற வார்த்தையை யாரும் என் காதில் போடவில்லை, லீவு என்றார்கள். இவ்வளவு நாள் லீவா என்று எனக்கு ஒரே பொறாமை. லீவிலும் அவள் விடியற்காலை எழுந்து குளித்து, தலை பின்னி, ஜன்னலருகே நின்று மற்றக் கம்பெனி பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“இன்னாடா பண்ணிக்கினு கீற? பத்தையும் ஒரே நேரத்துல மாத்துனா எது தப்புன்னு எப்பிடித் தெரியும்? ஒண்ணொண்ணா மாத்தணும்” என்று அண்ணனை விரட்டிவிட்டு, பீரோவிலிருந்து இரண்டு சுருள் ஸ்டிக்கர் எடுத்து வந்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அவர்கள் லைனில் சரியாக இருந்தால் பச்சை, தப்பு இருந்தால் சிவப்பு. கிழமை, நேரம், கையெழுத்து மூன்றும் எழுத வேண்டும். ரிப்பேர் ஆனபிறகும் சிவப்பைப் பிய்க்கக் கூடாது, பக்கத்தில் பச்சை ஒட்ட வேண்டும். “சிவப்பைப் பிச்சா சூப்பர்வைசர் வூட்டுக்கு அனுப்பிடுவாரு” என்றாள். கம்பெனித் தொப்பிக்குள் தலைமுடியைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான்தான் அவளுடைய ஆப்பரேட்டராம்.

கேபிளை மோடத்திலிருந்து நேராக லேப்டாப்பில் சொருகினாள். நெட் வந்தது, கேபிளுக்குப் பச்சை. லேப்டாப் வைஃபை பிடித்தது, அதற்குப் பச்சை. ஒவ்வொரு ஸ்டிக்கரையும் என்னையே ஒட்டச் சொன்னாள். அன்று அத்தை சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா அவளுக்குக் காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள், கம்பெனியில் பிரேக் விடுவதுபோல.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, “ஆயிட்ச்சா?” என்றேன். “இன்னும் இல்ல. டெஸ்ட் போய்க்கினு கீது” என்றாள். புதன்கிழமையும் அதே பதில். வியாழக்கிழமை மாடி வாடகைக்கார அண்ணன்களிடம் வேறு கேபிள் வாங்கி வந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். லேப்டாப்பின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்ட இடமே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்து கேட்டதற்கும், “நாளைக்கு இன்னொரு டெஸ்ட் பாத்துடலாம்” என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. புத்தகப் பையை வீசிவிட்டுக் கத்தினேன்.

“உனக்கு ஒண்ணுமே தெரியாது அத்தை! அதான் உன்னை வேணாம்னு கம்பெனில அனுப்பிட்டாங்க!”

எதுவும் தெரிந்து சொன்னதல்ல. வலிக்கும்படி ஏதாவது சொல்ல வேண்டும், வாயில் வந்தது அது. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. அத்தை என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த ஸ்டிக்கர் சுருளைக் கீழே வைத்தாள். பிறகு பெட்டியைத் திருப்பி டார்ச் அடித்தாள்.

ஓட்டைக்குள் காய்ந்துபோன சந்தனம். ஆயுத பூஜைக்கு அம்மா வைத்தது. மிக்ஸி, தையல் மிஷின், டூவீலர் எல்லாவற்றுக்கும் வைத்தவள் மாமாவின் பெட்டிக்கும் வைத்திருக்கிறாள். பெட்டியின் முன்பக்கம் வழவழவென்று மொட்டையாக இருந்ததால், ஓட்டைகள் இருந்த பின்பக்கத்தைத்தான் அம்மா முகம் என்று நினைத்திருக்கிறாள். அதுவரை டிஸ்க் போட்டே விளையாடியதால் அந்த ஓட்டை யாருக்கும் தேவைப்படவில்லை. அத்தை பழைய டூத் பிரஷ்ஷாலும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சாலும் துடைத்து, காயவிட்டு, கேபிளைச் சொருகினாள். பத்தே நிமிஷம். சின்ன விளக்கு மினுக்கியது, டிவியில் நெட் வந்துவிட்டது.

நான் அறை முழுக்கக் குதித்தேன். கத்தினால்தான் வேலை நடக்கும் என்ற பாடத்தையும் அன்றைக்கே கற்றுக்கொண்டேன். அத்தை பெட்டியின் அடியில் பச்சை ஸ்டிக்கரைத் தானே ஒட்டினாள். சுருள்களைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள், தொப்பியைக் கழற்றினாள், விளக்கு வைக்கும் நேரத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு நாலு மணிக்கு மாமா நெட்டில் வந்தார், நான் ஜெயித்தேன். அத்தை வாசற்படியில் நின்று கைதட்டினாள். இரண்டு வருடம் கழித்து மணிமங்கலத்துக்குக் கல்யாணமாகிப் போனாள்.

போன வருடம் வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது அந்தப் பெட்டி கிடைத்தது. தூசி தட்டிக் கவிழ்த்துப் பார்த்தேன். பச்சை ஸ்டிக்கரில், ‘வெள்ளி, மாலை 5.40’ என்று இருந்தது. அதன் பக்கத்திலேயே சிவப்பு ஒன்று. அத்தையின் குண்டு எழுத்தில், ‘செவ்வாய், காலை 11.10. சந்தனம்.’ கீழே கையெழுத்து.

அம்மாவிடம் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியும்டி. பழைய டூத் பிரஷ் ஒண்ணு கேட்டா. எடுத்தாந்து குடுத்தேன், கையில வெச்சிக்கினு யோசிச்சா. அப்பறம், இப்ப வேணாம் அண்ணின்னு திருப்பிக் குடுத்துட்டா.”

“நீ ஒண்ணும் கேக்கலியா?”

“இன்னாத்தக் கேக்கறது? நாலு மணிக்கு எப்பவும் போல டீ போட்டுக் குடுத்தேன்.”

எங்களிடம் மூன்று நாள் ‘இன்னும் இல்லை’ என்று சொன்னவளுக்கு ஸ்டிக்கரில் மட்டும் பொய் எழுத வரவில்லை. அவளுக்கு அப்போது மிச்சமிருந்த ஒரே வேலை அதுதான். அதைத்தான் நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, முடிந்ததா முடிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.