நடுங்க மறுத்த கை

விளக்குகள் கொட்டிய வெளிச்சத்தில், மேசைமேல் ஒரு கை. இன்றைக்கும் முதலில் அதுதான் கண்ணுக்கு வருகிறது. தாமல் ஏரிக்குப் போகும் வழியில் இருந்த குடிமீட்பு இல்லத்தில், எங்கள் சாப்பாட்டுக் கூடத்தைப் படப்பிடிப்புக்குக் கொடுத்திருந்தார்கள். குடியிலிருந்து மீள்கிறவனைப் பற்றிய படம். கதாநாயகனுக்கு அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது, கைநடுக்கம் மட்டும் வரவில்லை. கையை மட்டும் நெருக்கத்தில் காட்ட, ஒரு மாதம் முன்பே என் பக்கத்துக் கட்டில் அண்ணனைப் பேசி வைத்திருந்தார்கள். அப்போது அவர் கை அப்படி ஆடுமாம்.

அண்ணன் பட்டு நெசவுக்காரர். தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு; பழைய பாவின் முனைகளோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை, வழுக்காமலிருக்க விரலில் தொட்ட சாம்பல், அடங்கிய மூச்சு. குடித்த கையோடு உட்கார்ந்து, ஒரு கல்யாணச் சேலையின் பாவையே சிக்காக்கிவிட்டார். "கை நிக்கட்டும், அப்பறம் வீட்டுக்கு வா" என்று அண்ணி இங்கே கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து இல்லத்துப் போர்வையில் நூல் உருவி, முறுக்கி முறுக்கிப் பழகிக்கொண்டிருந்தார் அண்ணன். நான் சேர்ந்து ஆறே நாள். அதற்குள் என் போர்வைக்கும் குஞ்சம் வந்துவிட்டது.

கேமரா ஓடியது. கை அப்படியே கிடந்தது, காற்றில்லாத மத்தியானத்துக் குளம்போல.

"கொஞ்சம் நடுங்குங்க சார்" என்றார் இயக்குநர்.

அண்ணன் வேண்டுமென்றே ஆட்டினார்.

"தாளம் போடுறீங்க சார்!"

"இன்னா சார் பண்றது, வரலியே!"

ஒரு மனிதன் நடுங்க முடியாமல் தோற்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எத்தனை அழகான தோல்வி!

அன்று ஞாயிற்றுக்கிழமை. பார்க்க வந்த அண்ணி வாசலிலிருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். விறுவிறுவென்று உள்ளே வந்து, முந்தானைக் குஞ்சத்தில் இரண்டு இழையைப் பிய்த்து நீட்டினார். அண்ணன் முறுக்கிச் சேர்த்தார். அண்ணி இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை.

"பையை எடுய்யா. பாவு வந்து கெடக்குது."

"அம்மா, என் ஷாட்டு!" என்று அலறினார் இயக்குநர்.

"உங்களுக்கு ஆடுற கை வேணும், எனக்கு ஆடாத கை வேணும். நீங்க வேற ஆளைப் பாருங்க சார்."

கூடமே சிரித்தது. மருத்துவர் என்னவோ அடுத்த வாரம்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஆனால் அந்த நிமிடமே அண்ணன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார், முகத்தில் தெரிந்தது. என் பக்கம் திரும்பி, "தம்பி, உன் கையைக் காட்டுப்பா" என்றார்.

ஒரே டேக்.

போன மாதம் மூன்று பேரும் பகல் காட்சிக்குப் போனோம். திரை முழுக்க என் கை நடுங்கியது. அண்ணன் எழுந்து நின்று, "எங்க தம்பி கைப்பா அது!" என்று கத்தினார். "உக்காருய்யா, மறைக்குது!" என்றது பின் வரிசை.

இடைவேளையில் மூன்று டீயை, தட்டில்லாமல், நெரிசலுக்குள் ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுவந்தேன். அண்ணி என் விரல்களையே பார்த்தபடி ஒன்றை வாங்கி, ஒரு வாய் குடித்தார்.

"இன்னாப்பா, சக்கரை கம்மியா இருக்குது" என்றார்.