கர்ப்பிணிகள் வரக்கூடாத வானம்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் துணை விதிகளில் ஒன்று: உறுப்பினர் எழுத்து மூலம் கேட்கும் எதற்கும் செயற்குழு முப்பது நாளுக்குள், எழுத்து மூலமே, காரணத்தோடு பதில் தர வேண்டும். ‘காரணத்தோடு’ என்பதைச் சேர்க்கச் சொன்னவன் நான். பணிக்காலம் முழுவதையும் அரசு அலுவலகத் தபால் பிரிவில் கழித்தவனுக்கு, காரணம் கேட்காவிட்டால் எப்படிப்பட்ட பதில் வரும் என்று தெரியும்.

இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டுத் தபாலுக்கு முத்திரை குத்தப் போனவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எக்ஸ்-ரே தொலைநோக்கிகள்மீது மனம் போனது அதனால்தானோ என்னவோ. விண்வெளியில் அவை செய்வதும் தபால் பிரிவு வேலைதான். வந்து சேரும் ஒவ்வொரு எக்ஸ்-ரே துகளையும் தனித்தனியாகப் பெற்று, எந்த நேரம், எந்தத் திசை, எவ்வளவு ஆற்றல் என்று குறித்துக்கொள்கின்றன. மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் இப்படிச் சேர்த்த பிறகுதான் ஒரு படம் உருவாகிறது.

அந்தப் படங்களைக் குடியிருப்பின் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். வாழ்க்கையில் இயற்பியலுக்காக நான் செய்யப்போகும் ஒரே காரியம் அது. கோடை விடுமுறையில் சங்கக் கூடத்தை முறைப்படி கேட்டு வாங்கினேன். வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் ஓடு, விண்மீன் மண்டலங்களுக்கு நடுவே கோடி டிகிரியில் கொதிக்கும் வாயு, பக்கத்து நட்சத்திரத்தை உறிஞ்சும் கருந்துளை என்று எல்லாவற்றையும் தாம்பரத்தில் ஃப்ளெக்ஸாக அடித்தேன். கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. விழுங்கப்படும் வாயு, உள்ளே மறைவதற்கு முன் சூடேறி எக்ஸ்-ரேயாகக் கதறுவதால்தான் அது இருப்பதே தெரிகிறது. எங்கள் செயலாளரின் கார் நிறுத்துமிடமும் பக்கத்து இடத்தை இப்படித்தான் உள்வாங்கி வருகிறது. அங்கே கதறக்கூட ஆளில்லை.

திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில், பளபளவென்று தேய்த்த எஃகுக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தி தொலைநோக்கிக்கு ஒரு மாதிரியும் செய்து வாங்கினேன். எக்ஸ்-ரே கண்ணாடியில் நேராக மோதினால் திரும்பாது, உள்ளே புகுந்துவிடும். ஏரியில் தட்டைக் கல்லைப் படுக்கை வாட்டத்தில் விட்டால் தத்திக்கொண்டு போகுமே, அப்படி உரசிக்கொண்டு போனால்தான் திசை திரும்பும். அதனால்தான் அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடிகள் தட்டுபோல் இல்லாமல் அடுக்கடுக்கான குழாய்களாக இருக்கின்றன.

கூடம் கிடைத்த சனிக்கிழமை காலை குழாயைச் சுமந்துகொண்டு போனேன். வாட்ச்மேன் எட்டி நின்றார்.

“இன்னா சார், உள்ள எக்ஸ்-ரே வுடப் போறீங்களாமே? செகரட்டரி நோட்டீஸ் ஒட்டிக்கினு போனாரு.”

கூடத்தின் கதவில் இருந்தது: ‘உள்ளே எக்ஸ்-ரே. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வரக்கூடாது.’ தரைத்தளத்தில் செயலாளரின் மருமகள் நடத்தும் பல் கிளினிக்கின் எக்ஸ்-ரே அறைக் கதவில் உள்ள அதே அறிவிப்பு. பிரதி எடுத்து ஒட்டியிருந்தார். வாசல்வரை வந்த தாய்மார்கள் அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

செயலாளர் சாவியோடு வந்தார். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். ரேடியேஷன் மேட்டர். சேஃப்டி ஃபர்ஸ்ட்.”

“இது ஃப்ளெக்ஸ் சார். இதுலேர்ந்து மை வாசனைதான் வரும்.”

“அப்ப ஏன் சார் எக்ஸ்-ரேன்னு பேர் வச்சீங்க?”

நாலு பேர் சிரித்தார்கள். நான் பொறுமையாகத்தான் சொன்னேன். “தொலைநோக்கி எக்ஸ்-ரேயை விடாது, வாங்கும். வானத்துலேர்ந்து வர்ற எக்ஸ்-ரேயை மேல இருக்கற காத்தே தடுத்துடும். அதனாலதான் ராக்கெட்ல வச்சு வெளியில அனுப்பறாங்க.”

“பாத்தீங்களா! அவங்களே பூமிக்கு வெளியில கொண்டுபோய்தான் வைக்கறாங்க. நீங்க ஹாலுக்குள்ள வைக்கறீங்க!”

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். கூடம் பூட்டப்பட்டது. அனுமதியை ரத்து செய்ததற்குக் காரணம் கேட்டு அன்றே எழுதினேன். முப்பது நாள் கழிந்தது. விடுமுறையும் முடிந்தது. பதில் இல்லை. லிஃப்டில் பார்த்தால் மட்டும், “என்ன சார், கருந்துளை சௌக்கியமா?” என்பார்.

கோபத்தில் கத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். நான் வெள்ளைத் தாளில் எழுதினேன். எக்ஸ்-ரே கருவிகளுக்கு உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு. எங்கள் செயலாளர் எக்ஸ்-ரே படங்களைக்கூட அனுமதிக்காத அளவு கதிர்வீச்சில் அக்கறை உள்ளவர் என்பதைப் பாராட்டி, அவருடைய அறிவிப்பின் புகைப்படத்தை இணைத்து, அவரது குடும்பக் கிளினிக்கில் உள்ள நிஜக் கருவிக்கு உரிமம் உண்டா என்று பணிவோடு கேட்டிருந்தேன்.

ஆய்வுக்கு வந்தார்கள். உரிமம் இல்லை. கருவிக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். போய்ப் பார்த்தேன், நல்ல முத்திரை, கோணாமல் வைத்திருந்தார்கள்.

நான் கணக்கில் எடுக்காதது என் மனைவியின் கடைவாய்ப்பல். அதே கிளினிக்கில் ரூட் கனால் பாதியில் இருந்தது. அடுத்த எக்ஸ்-ரே எடுக்காமல் மேலே தொட முடியாது என்றுவிட்டார்கள். வீங்கிய கன்னத்தோடு குரோம்பேட்டைக்குப் பேருந்தில் போய்வந்தாள்.

“ஒங்க நட்சத்திரத்துக்கு என் பல்லுதான் கெடச்சுதா?” என்று கேட்டாள். எழுத்து மூலம் கேட்காததால் நான் பதில் சொல்லவில்லை.

ஒரு மாலை செயலாளர் எங்கள் வீட்டுக்கே வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“லைசென்ஸுக்கு அப்ளை பண்ணிட்டோம் சார். நீங்க மேற்கொண்டு எதுவும் எழுதாம இருந்தா போதும். ஹாலைத் தாராளமா எடுத்துக்குங்க.”

“எழுதிக் குடுங்க.”

“வாயால சொல்றேனே சார், நம்ப மாட்டீங்களா?”

“நம்பறேன். எழுதிக் குடுங்க. எதுக்குப் பூட்டினீங்கன்னும் எழுதுங்க.”

அடுத்த அறையிலிருந்து மனைவி, “காபி வேணுமான்னு கேளுங்க,” என்றாள். அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குச் சற்று முன்பு, மடித்த காகிதத்தை என் சட்டைப் பைக்குள் அவரே செருகினார். “நமக்குள்ள இருக்கட்டும் சார்,” என்றார். பிரித்துப் படித்தேன். வானத்தின் எக்ஸ்-ரே படங்களால் கதிர்வீச்சு ஏதும் இல்லை என்றும், தொலைநோக்கி எக்ஸ்-ரேயைப் பாய்ச்சுவதாகச் செயலாளர் தவறாகக் கருதியதே கூடத்தைப் பூட்டக் காரணம் என்றும், வரும் ஞாயிறு கூடம் எனக்கு ஒதுக்கப்படுகிறது என்றும் இருந்தது.

நன்றியுரை ஆண்டுதோறும் என் பொறுப்பு. பிள்ளைகள் முன்வரிசையில் மிட்டாய்க்குக் காத்திருந்தார்கள். கொடியேற்றியவருக்கு நன்றி, ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி, செயலாளருக்குச் சிறப்பு நன்றி என்று சொல்லிவிட்டு, காகிதத்தை எடுத்து மைக்கில் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், மூன்று வாக்கியங்கள், கையொப்பம், பதவி முத்திரை, தேதி: ஆகஸ்ட் பதினைந்து.